உப்பு அம்பாரத்துக்கு அப்பால் வீசிய காற்று

முன்னொரு காலத்தில் நெய்தலூர் என்னும் கடலோரப் பட்டணத்தை அடலேறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் பிரம்பெடுத்தால் மாலையில் கரும்பு கொடுப்பார், அவ்வளவு நிலையான புத்தி. அவருக்கு ஒருநாள் சந்தேகம் வந்தது: 'நம் சுவடிச்சாலையில் இருப்பதெல்லாம் நல்ல நூல்தானா, இல்லை ஆளின் முகத்தைப் பார்த்துச் சேர்த்ததா?'

உடனே உத்தரவு பிறந்தது. இனி எந்தச் சுவடி வந்தாலும் பெயர் எழுதிய ஏட்டை உருவிவிட்டு, விஷயம் தெரிந்த இருவரிடம் படிக்கக் கொடுக்க வேண்டும். எழுதியவர் யாரென்று படிப்பவருக்குச் சொல்லக்கூடாது. படித்தவர் யாரென்று எழுதியவருக்கு எந்நாளும் தெரியக்கூடாது. இருவரும் சரியென்றால் பெயர் ஏட்டைத் திரும்பக் கோத்துச் சாலையில் சேர்ப்பார்கள். ஒருவர் வேண்டாமென்றாலும், எழுதியவன் அப்புறம் எழுத்தாணியைத் தொடக்கூடாது.

இரண்டு பக்கத்துப் பெயரும் தெரிந்தவர் அமைச்சர் குணபாலர் ஒருவர்தான். பாவம், அந்தப் பதவி அவரைத் தனிமரமாக்கிவிட்டது. சுவடி கொடுத்தவன் அவரைக் கண்டால் பல்லிளித்தான், சுவடி திரும்பியவன் எதிர்த் தெருவுக்குப் போனான். எட்டு வருஷமாகக் காரியமில்லாமல் அவரிடம் பேச வந்தவர் யாருமில்லை.

ஒரு மாசி மாதம் உப்பளக் காவலன் கடம்பன் ஒரு சுவடிக்கட்டோடு வந்தான். பதினாலு வருஷம் அளத்துக் குடிசையில் ஒற்றை ஆளாகக் கிடந்து, என்றைக்கு எந்தக் காற்று எந்நேரம் வீசியதென்று எழுதியிருந்தான்.

"ஐயா, இதை யாராவது படிப்பாங்களா?" என்றான்.

"இரண்டு பேர் படிப்பார்கள்."

"முழுசாவா?" கடம்பன் கண்கலங்கிவிட்டான். "திருப்பிட்டா எழுத்தாணி போயிருமாமே. அங்கே பேச்சுத்துணைக்கு எனக்கு அது ஒண்ணுதான் ஐயா."

குணபாலர் ஒரு படியை அவைப்புலவர் வித்தகநம்பிக்கும், இன்னொன்றைத் தீவில் கலங்கரை விளக்கம் காக்கும் தாழையம்மைக்கும் அனுப்பினார். அந்த அம்மாள் மாலுமியின் மகள், கப்பலிலேயே வளர்ந்தவள். அவள் இருபதே நாளில் ஓலை அனுப்பிவிட்டாள். புலவரோ ஒன்பது மாதம் ஊறப்போட்டார். கடைசியில் வந்த ஓலை இது: 'வெறும் பதர். என் மூன்று நூல்களில் ஒன்றைக்கூட இவன் எடுத்துக்காட்டவில்லை. தள்ளுக.'

அதற்கு மறுநாளே வித்தகநம்பி சபைக்கு ஒரு பட்டுப்பொதியோடு வந்தார். "மன்னா, காற்றைப் பற்றி அடியேன் இயற்றிய புதுநூல்" என்று வாசிக்கத் தொடங்கினார். நாலு வரி கேட்டதுமே குணபாலருக்குத் தெரிந்துவிட்டது. கடம்பனின் வார்த்தை அத்தனையும் பட்டுக் கட்டிக்கொண்டு வந்திருந்தது. ஆனால் வாய் திறந்தால் பெயர் சொல்ல வேண்டும், பெயர் சொன்னால், ரகசியம் காப்பேன் என்று பதவியேற்றபோது செய்த சத்தியம் போகும். பக்கத்தில் குனிந்து கலந்துகொள்ள ஒரு ஆளும் கிடையாது.

யோசித்துவிட்டு எழுந்தார். "அற்புதம், புலவரே. காற்றை எங்கிருந்து கவனித்தீர்?"

"என் வீட்டு மேல்மாடத்திலிருந்துதான்."

"கோடையில் உச்சி சாய்ந்து ஐந்து நாழிகைக்குப் பிறகே கடற்காற்று வரும் என்கிறீர். நிச்சயம்தானே?"

"என் கண்ணால் கண்டது அமைச்சரே."

"அப்படியானால் கோடை வரட்டும் மன்னா. அதுவரை இந்த விஷயத்தில் எந்தச் சுவடியையும் சேர்க்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம்."

சித்திரை பிறந்தது. ராஜா பரிவாரத்தோடு புலவர் வீட்டு மாடம் ஏறினார். உச்சி சாய்ந்து அரை நாழிகைகூட ஆகவில்லை, கடற்காற்று வந்து ராஜாவின் மேலாடையைத் தூக்கிப் புலவர் முகத்தில் போட்டது.

"ஐந்து நாழிகை என்றீரே?" என்றார் ராஜா.

"இது... இன்று மட்டும் ஏதோ..."

மறுநாளும் அதே நேரம் வந்தது, அதற்கு மறுநாளும். குணபாலர் ஓர் ஓலையை நீட்டினார். "மன்னா, பெயரில்லாத ஒரு சுவடிக்குப் பெயரில்லாத ஒருவர் போன வருஷம் எழுதியது. பெயர் சொல்லாமல் வாசிக்க உத்தரவில் தடையில்லை."

ராஜா தலையசைத்தார். அமைச்சர் வாசித்தார்: "'நூல் முழுதும் உண்மை, ஓரிடம் தவிர. கடற்காற்று ஐந்து நாழிகை தாமதிக்கும் என்கிறீர். உம் குடிசைக்கும் கடலுக்கும் நடுவே உப்பு அம்பாரம் ஏதும் குவித்திருக்கிறதா? அதற்கு அப்பால் போய் நின்று பாரும்.'"

ராஜா கிழக்கே எட்டிப் பார்த்தார். "புலவரே, உம் மாடத்துக்கு முன்னால் உப்புக் குவியல் ஒன்றையும் காணோமே. களவெடுத்தவர் பிழையையும் சேர்த்தா எடுப்பது?"

வித்தகநம்பி காலில் விழுந்தார். "தலையை வாங்கமாட்டேன்" என்றார் ராஜா. "சாலையில் இருக்கும் உம் மூன்று நூல்களையும் பெயரை உருவிவிட்டுப் படிக்கக் கொடுப்போம்." தலையையே வாங்கியிருக்கலாம் என்பதுபோல் ஆனது புலவர் முகம். அமைச்சருக்கு முத்துமாலை கிடைத்தது.

களவெடுத்தவர் தள்ளியது செல்லாதென்று கடம்பனின் சுவடியைப் பெயர் ஏட்டோடு சாலையில் சேர்த்து, பெயரில்லாத அந்த ஓலையையும் அவனுக்கு அனுப்பினார்கள். சில நாள் கழித்து அவனை வரவழைத்து, "என்ன வேண்டும், கேள்" என்றார் ராஜா.

"அந்த உப்பு அம்பாரத்தைப் பத்திக் கேட்டவங்களைப் பார்க்கணும் சாமி. பதினாலு வருஷத்திலே என் குடிசைக்கு முன்னால என்ன இருக்குன்னு கேட்டது அவங்கதான்."

"சொல்லிவிடும் அமைச்சரே" என்றார் ராஜா, தம் உத்தரவைத் தாமே மறந்து.

"முதலில் என்னைப் பதவியிலிருந்து நீக்குங்கள் மன்னா. சொன்னால் நாளைக்கு யாரும் பயமில்லாமல் பிழை சொல்லமாட்டார்கள்."

ராஜா முறைத்தார், பிறகு அடங்கினார். கடம்பன் மெல்லச் சொன்னான்: "அப்போ, நான் போய் நின்னு பார்த்தேன், அவங்க சொன்னது சரின்னு மட்டும் சொல்லிருங்க ஐயா."

அந்தச் சேதியைக் குணபாலர் தாமே படகேறிக் கொண்டுபோனார். தாழையம்மை சாலையில் சேர்ந்த சுவடியின் பெயர் ஏட்டை ஏற்கெனவே பார்த்திருந்தாள்.

"உப்பளத்துக் கடம்பனா அவர்? தனியாகத்தான் இருக்கிறாரா?"

"ஆமாம்."

"நினைத்தேன். கூட ஆள் இருந்தால் இப்படிக் காற்றைக் கவனித்திருக்க முடியாது." பிறகு ஓர் ஓலை எடுத்து எழுதினாள். "முப்பத்தோராம் ஏட்டில் இன்னொரு பிழை இருக்கிறது. கொடுத்துவிடுங்கள்."

குணபாலர் அதை உப்பளத்துக்குக் கொண்டுபோனார். கடம்பன் இரண்டு தரம் படித்தான். அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்தால், பிழை சொன்ன ஓலை என்று யாரும் நம்பமாட்டார்கள். உடனே உட்கார்ந்து பதில் எழுத ஆரம்பித்தான். அமைச்சர் போய்வருகிறேன் என்றது அவன் காதில் விழவில்லை.

அளத்து வரப்பில் நடக்கும்போது குணபாலர் திரும்பிப் பார்த்தார்; கடம்பன் இன்னும் எழுதிக்கொண்டிருந்தான். ஊரே புகழ்ந்த அந்த அமைச்சருக்கு, நீ செய்தது இந்த இடத்தில் பிழை என்று எழுத உலகத்தில் ஒருவருமில்லை.