பத்துத் தம்ளர் ரசம்

சாயப்பட்டறைகள் நிறைந்த ஊரில் மரகதவல்லி நீர்ப் பரிசோதனைக்கூடம் நடத்திவந்தார். செண்பகம் அவரிடம் தொழில் கற்றுவந்தாள்.

ஒரு நண்பகலில் செண்பகம் ஒரு பட்டறைக் கழிவுநீரின் பரிசோதனை அறிக்கையை மேசைமேல் வீசினாள். அவள் பின்னாலேயே அந்தப் பட்டறை முதலாளி ஆறுச்சாமியும் வந்தார்.

“இதில் நான் கையெழுத்துப் போட மாட்டேன், மேடம்.”

“உப்பு எவ்வளவு?”

“அரசு வரம்புக்குள்தான். ஆனால் ஒரு பங்குக் கழிவில் ஒன்பது பங்கு கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஓடையில் விடுகிறார். என் கண்ணால் பார்த்தேன்.”

ஆறுச்சாமி சிரித்தார். “ஊத்துனனுங்க, இல்லைன்னு சொல்லலீங்க. செறிவு பத்துல ஒண்ணாயிருச்சா இல்லீங்களா? அம்மிணி காலேஜுல படிச்ச கணக்குத்தானுங்களே.”

கணக்கு சரிதான். அதுதான் செண்பகத்தை எரித்தது.

“ஓடைக்கரைக் கிணறெல்லாம் உப்பாகிவிட்டது. குழந்தைகள் அதைத்தான் குடிக்கிறார்கள். சரியான கணக்கு இவருக்கு எப்படி மேடம் துணைபோகிறது?”

“முதலில் சாப்பிடலாம். அவருக்கும் இலை போடு.”

மரகதவல்லி ஒரு தம்ளர் ரசத்தில் இரண்டு தேக்கரண்டி உப்பைப் போட்டுக் கலக்கி ஆறுச்சாமியிடம் நீட்டினார்.

நாக்கில் பட்டதும் அவர் துப்பினார். “என்னங்க இது! மனுசன் குடிப்பானா?”

மரகதவல்லி அதை ஒரு காலிக் குண்டானில் கொட்டினார். ஒன்பது தம்ளர் வெந்நீர் ஊற்றிக் கலக்கி, ஒரு தம்ளர் மொண்டு கொடுத்தார்.

ஆறுச்சாமி சந்தேகத்தோடு உறிஞ்சினார். “நீர்த்துத்தான் போச்சுங்க. ஆனா உப்பு சரியா இருக்குது. குடிக்கலாமுங்க.”

“வரம்புக்குள் இருக்கிறதா?”

“இருக்குதுங்க.”

அவர் குடித்து முடித்தார். மரகதவல்லி குண்டானில் மீதமிருந்ததையெல்லாம் ஒன்பது தம்ளர்களில் ஊற்றி அவர் இலையைச் சுற்றி வைத்தார்.

“இதெல்லாம் யாருக்குங்க?”

“உங்களுக்குத்தான். எல்லாமே வரம்புக்குள்தான் இருக்கிறது.”

ஆறுச்சாமி இலையை விட்டு எழுந்தார். “நல்லா இருக்குதுங்களே நாயம்! எத்தனை தண்ணி ஊத்துனாலும், போட்ட உப்பு அத்தனையும் கடைசியில என் வயித்துக்குள்ளதானுங்களே போகோணும்?”

மரகதவல்லி அறிக்கையை எடுத்துச் செண்பகத்திடம் கொடுத்தார்.

“அவர் சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடு. வயிறு என்ற இடத்தில் மட்டும் ஓடை என்று மாற்றிக்கொள்.”