பத்தாவது சொல்

அந்தத் துறைமுக ஊரில் மிஞ்சியிருந்த யூதர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவர்களை அப்படி எண்ணக்கூடாது. மனிதர்களை ஒன்று, இரண்டு என்று எண்ணுவது அவர்களுக்கு ஆகாது.

ஆனாலும் எண்ணித்தான் ஆகவேண்டும். கூட்டு ஜெபத்துக்குப் பதிமூன்று வயது நிறைந்த யூத ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். அதனால் பத்துச் சொற்கள் கொண்ட ஒரு வேத வசனத்தை ஆளுக்கொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே வருவார்கள். கடைசிச் சொல்லுக்கு ஆள் இருந்தால் ஜெபம் நடக்கும். இல்லையென்றால் எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்த ஊரில் கடைசிச் சொல் எப்போதும் மெயிர் மேல்தான் விழும். அவனுடைய அப்பா எஸ்ரா கப்பல் எஞ்சினியர். ஊரில் தங்குவதே அபூர்வம். மெயிருக்குப் பதிமூன்று நிறைந்த நாளில்கூட அவர் கடலில் இருந்தார். பக்கத்து வீட்டு எலியாவின் அப்பாதான் தம்முடைய ஜெபச் சால்வையை மெயிரின் தோளில் போர்த்தி, அவனுக்கே கொடுத்துவிட்டார்.

மெயிரிடம் ஒரு ரகசியம் இருந்தது. தூரத் துறைமுகம் ஒன்றில் எஸ்ரா கட்டிக்கொண்டு வந்த அவன் அம்மா பிறப்பால் யூதர் அல்ல. முறைப்படி மதத்தில் சேரவும் இல்லை. அந்தச் சபையின் வழக்கப்படி தாய் யூதராக இருந்தால்தான் பிள்ளை யூதன். அம்மா சாகும்போது சொன்ன இதை மெயிர் ஒரே ஒருவனிடம் சொன்னான். அது எலியா. "எனக்குள்ளயே இருக்கும்டா" என்றான் எலியா.

பிறகு எலியாவின் அப்பா இறந்தார். மகன் பல மாதங்கள் தினமும் இறந்தவருக்கான ஜெபத்தைச் சொல்லவேண்டும். அதற்கும் பத்துப் பேர் வேண்டும். விடியற்காலையில் எலியாவே வந்து மெயிரின் கதவைத் தட்டுவான். "எழுந்திருடா, நீ வரலேன்னா அப்பாவுக்கு ஜெபம் இல்ல." காய்ச்சலாகக் கிடந்த நாளிலும் மெயிர் போனான்.

அதன்பின் எலியா வெளிநாடு போய் வேதம் படித்துவிட்டுத் திரும்பினான். வந்த சில நாட்களில் எஸ்ரா இறந்தார். அடக்கம் முடிந்த மாலை, மெயிர் தன் அப்பாவுக்காக ஜெபம் சொல்ல நின்றான். மூத்தவர் சசூன் ஆளுக்கொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒன்பதாவது சொல் முடிந்தபோது எலியா குறுக்கிட்டான்.

"மாமா, அவனைச் சேர்க்கக் கூடாது. அவங்க அம்மா யூதர் இல்ல."

சசூன் மெயிரைப் பார்த்தார். மெயிர் மறுக்கவில்லை. நாளெல்லாம் வராத அழுகை அவனுக்கு அப்போது வந்தது. அது அப்பாவுக்காக வந்தது அல்ல.

பெண்கள் உட்காரும் மாடத்திலிருந்து எலியாவின் தங்கை ரிவ்கா எழுந்தாள். அவள் யூதப்பெண் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, ஆனாலும் அவளுக்கு அந்த வசனத்தில் சொல் கிடையாது.

"அண்ணா, நம்ம அப்பாவுக்கு ஜெபம் சொன்னப்போ உனக்கு இது தெரியாதா?"

"தெரியும்" என்றான் எலியா, தரையைப் பார்த்துக்கொண்டு.

சசூன் பத்தாவது சொல்லைச் சொல்லவில்லை. எஸ்ராவுக்கு அன்று ஜெபம் நடக்கவில்லை.

மெயிர் வேறு ஊருக்குப் போனான். அங்கே மூன்று வேத அறிஞர்கள் உட்கார்ந்து விசாரிக்கும் சபை முன் பதில் சொல்லி, சடங்குக் குளத்தில் முழுகி, முறைப்படி யூதனாகித் திரும்பினான். சசூன் அவனை ஏற்றுக்கொண்டார். இனி அவனைச் சேர்க்கக் கூடாது என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்து எலியாவின் அப்பாவுடைய நினைவு நாள் வந்தது. ஜெபவீட்டில் கடைசிச் சொல்லுக்கு ஆளில்லை. எலியா மெயிரின் வீட்டுக்கு வந்து, பழைய மாதிரியே கதவைத் தட்டினான்.

இளையவர்களே, இப்போது நீங்கள் சொல்லுங்கள். ரகசியத்தை மறைத்த மெயிர், அதை உடைத்த எலியா, ஒன்பதோடு நிறுத்திய சசூன், இவர்களில் யார் செய்தது சரி? மெயிர் அந்தக் கதவைத் திறக்க வேண்டுமா?

விடை: சசூன் செய்தது சரி, அவர் தம் சபையின் வழக்கத்தைக் காத்தார். மெயிர் மறைத்தது தவறு, அதற்கு அவன் குளத்தில் முழுகிப் பரிகாரம் தேடிக்கொண்டான். எலியா சொன்னது பொய்யில்லை. ஆனால் தன் அப்பாவுக்கு வேண்டியபோது அதை விழுங்கிவிட்டு, நண்பனின் அப்பாவுக்கு அதே தேவை வந்தபோது கக்கினானே, அது துரோகம். அப்படிச் செய்தும் அவன் யூதன்தான். பிறப்பால் வந்ததை யாராலும் பறிக்க முடியாது. எனக்கு இன்னும் ஆறாத இடம் அதுதான். மெயிர் கதவைத் திறந்தான். அந்தப் பழைய சால்வையைப் போர்த்திக்கொண்டு போய்ப் பத்தாவது சொல்லுக்கு நின்றான். அது அந்தச் சால்வையை அன்று அவன் தோளில் போர்த்திவிட்டவருக்கான ஜெபம், எலியாவுக்கானது இல்லை. ஒவ்வோர் ஆமெனையும் குறையில்லாமல் சொன்னான். பிறகு எலியாவிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் வீட்டுக்கு நடந்தான்.