சுவரைத் துடைக்க வந்த மூவர்

குன்னூரில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் தோல் செருப்பில் பூஞ்சை பூக்கும். பெட்டியில் மடித்துவைத்த பட்டுப்புடவையிலும் பூக்கும். வீட்டுச் சுவர்களில் படர்கிற பூஞ்சையை எடுப்பதுதான் பிலோமினாவின் தொழில். பதினாறு வருடமாக அடுத்தவர் வீட்டு அலமாரிகளுக்குப் பின்னால் பார்த்துப் பார்த்து, மனிதர்கள்மேல் அவளுக்குப் பெரிய மரியாதை எதுவும் மிஞ்சவில்லை. கூடத்தில் குத்துவிளக்கு பளபளக்கும். படுக்கையறைச் சுவர் கறுத்துக் கிடக்கும். இவ்வளவுதான் இவர்கள் லட்சணம் என்று எப்போதோ முடிவு கட்டியிருந்தாள்.

அவளிடம் இரண்டு பேர் வேலை செய்தார்கள். மருந்து தெளிப்பவன் ஜெபராஜ். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிறவன். சுரண்டித் துடைப்பவள் மாதம்மா. அவள் அதிகம் பேசமாட்டாள்.

தேயிலைத் தொழிற்சாலையில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற சிதம்பரநாதன் ஒரு சனிக்கிழமை காலை அவர்களை அழைத்தார். வாசலிலேயே நிறுத்திவைத்துப் பேசினார்.

"நாளைக்கு வீட்டை வாங்குறவங்க வந்து கையெழுத்துப் போடுறாங்க. சாயங்காலத்துக்குள்ள சுவர் வெள்ளையாகணும். உள்ளே பார்த்ததை வெளியே ஒருத்தர்கிட்டயும் சொல்லக் கூடாது. வாக்குக் கொடு."

"கொடுத்தேன் சார்," என்றாள் பிலோமினா. எல்லா வீட்டிலும் கொடுக்கிற வாக்குதான். அது இல்லாமல் யாரும் தங்கள் படுக்கையறையைத் திறந்துவிடமாட்டார்கள்.

"நீ?"

"சரிங்கய்யா," என்றான் ஜெபராஜ்.

மாதம்மாவை அவர் கேட்கவில்லை. வாளியைப் பார்த்தார், அதைப் பிடித்திருந்தவளைப் பார்க்கவில்லை.

பின்கட்டு அறையில் தேக்கு அலமாரியை நகர்த்தியதும் பிலோமினாவுக்குச் சிரிப்பு வந்தது. தரையிலிருந்து தோள் உயரத்துக்குச் சுவர் முழுக்கக் கறுப்பு. ஏற்கெனவே மூன்று முறை அதன்மேலேயே பெயிண்ட் அடித்து மறைத்திருந்தார்கள். வெளியே போய்ப் பார்த்தாள். மலைச்சரிவின் மண் சரிந்து சுவரோடு சுவராகச் சாய்ந்திருந்தது. மலை குடித்த மழையெல்லாம் அந்த அறைக்குள்தான் கசிந்துகொண்டிருந்தது.

"சார், மண்ணை வெட்டி எடுத்துட்டு, தண்ணி போக வாய்க்கால் விடணும். இல்லேன்னா நாங்க துடைச்சாலும் ரெண்டே மாசத்துல திரும்ப வந்துடும்."

"ரெண்டு மாசம் கழிச்சு இது என் வீடு இல்லையே," என்றார் சிதம்பரநாதன். "நீ சுவரைத் துடைக்க வந்தியா, எனக்குப் புத்தி சொல்ல வந்தியா?"

இவரோடு பேசுவதைவிடச் சுவரோடு பேசலாம் என்று நினைத்துக்கொண்டு முகமூடியை மாட்டினாள்.

பாதி வேலையில் யாரும் எதிர்பாராமல் வீட்டை வாங்கப்போகும் கனகவல்லி டீச்சர் வந்து நின்றார். ஜன்னல் திரைக்கு அளவெடுக்க வந்தாராம். கூடவே எட்டு வயது மகள் யாழினி. மேடேறி வந்ததில் அந்தப் பெண்ணின் நெஞ்சு விசிலடித்தது.

"இதுதான் பாப்பாவோட ரூம். மலை தெரியுதுன்னு இவளே பிடிச்சிக்கிட்டா," என்ற டீச்சர், மூன்று முகமூடிகளையும் பார்த்துத் திகைத்தார். "இங்க என்ன நடக்குது?"

"பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி தூசி தட்டுறாங்கம்மா," என்றார் சிதம்பரநாதன். மருந்து தெளித்து ஊறிய சுவர் அப்போது வெறும் அழுக்குப் போலத்தான் தெரிந்தது.

"ஆமாங்க, தூசிதான்," என்றான் ஜெபராஜ். கேட்காமலே சொன்னான். அவனைப் பிலோமினா ஒரு புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

அவள் பொய் சொல்லவில்லை, வாக்கையும் மீறவில்லை. பையிலிருந்து புது முகமூடி ஒன்றை எடுத்துக் குழந்தையின் முகத்தில் மாட்டினாள். "இந்த ரூமுக்குள்ள எப்ப வந்தாலும் இதைப் போட்டுக்கணும் கண்ணு," என்றாள். டீச்சர் படித்தவர், புரிந்துகொள்வார் என்பது அவள் கணக்கு. தன் சாமர்த்தியம் அவளுக்கே பிடித்திருந்தது.

"மருந்து நெடிக்காகச் சொல்றா," என்று சிதம்பரநாதன் சிரித்தார். டீச்சரும் சிரித்தார். அளவெடுத்துவிட்டுக் கிளம்பினார்.

அழுக்குத் தண்ணீரைக் கொட்டப்போன மாதம்மா, கேட்டருகே அவரை வழிமறித்தாள். "டீச்சர், அது தூசி இல்லீங்க. பூஞ்சை. மூணு தடவ பெயிண்ட் அடிச்சு மூடியிருக்காங்க. பின்னால மண்ணு சாஞ்சு நிக்குது, போய்ப் பாருங்க. இளைப்பு இருக்கிற புள்ளைய அந்த ரூம்ல படுக்க வெக்காதீங்க."

டீச்சர் பின்பக்கம் போய்ப் பார்த்தார். நாளைக்குக் கையெழுத்து வேண்டாம் என்று சிதம்பரநாதனிடம் சொல்லிவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

"வாளி தூக்க வந்ததெல்லாம் வாயைத் திறக்குது!" என்று கத்திய சிதம்பரநாதன், மூவரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். இனிக் குன்னூரில் ஒரு வீட்டுக்குள்ளும் அவர்களை நுழையவிடமாட்டேன் என்றார்.

திரும்பும் வழியில் பிலோமினா பொரிந்து தள்ளினாள். "வாக்குக் கொடுத்தது நான். அதை உடைக்க நீ யாரு?"

"கொடுத்தது நீங்கதானக்கா. என்னை யாருமே கேக்கலயே," என்றாள் மாதம்மா.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். ஜெபராஜ் வாக்கைக் காக்கப் பொய் சொன்னான். பிலோமினா வாக்கையும் காத்து, குறிப்பாலும் உணர்த்தினாள். மாதம்மா எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். இதில் யார் செய்தது சரி?

விடை: ஜெபராஜை விட்டுவிடுங்கள், அவனுக்காக யோசிப்பதே வீண். பலரும் பிலோமினா என்பார்கள். அவள் செய்தது கெட்டிக்காரத்தனம், அவ்வளவே. அந்தக் குறிப்பு டீச்சருக்குப் புரியவில்லை என்பதைக் கண்ணால் பார்த்த பிறகும் அவள் வாய் திறக்கவில்லை. குழந்தையின் மூச்சை யாரும் விடுகதையாகப் போடக் கூடாது. மாதம்மா செய்ததே சரி. அவள் வாக்குக் கொடுக்காததால் சரி என்பது வக்கீல் பேச்சு. கொடுத்திருந்தாலும் அவள் செய்தது சரியே. ஒருவர் தீங்கை மறைத்து இன்னொருவர் தலையில் கட்டுவதற்காக வாங்கும் வாக்கு, வாக்கே அல்ல. பிலோமினாவுக்கு இது விளங்க இரண்டு நாள் பிடித்தது. விளங்கிய பிறகு ஊரிலேயே மிக இளப்பமாக அவள் நினைத்தது தன்னைத்தான்.