கணக்காயி மறைத்த கோடு

எண்களும் கருவிகளும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், எண்கள் எல்லாரும் ஒரே நீளத் தெருவில் குடியிருந்தார்கள். நடுவில் சுழியத்தின் வீடு. அதற்குக் கிழக்கே ஒன்று, இரண்டு, மூன்று என்று வீடுகள் வரிசையாகப் போகும். மேற்கேயும் அதே பேர்கள்தான், ஆனால் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு சின்னக் கோடு இருக்கும். அவர்கள் மைனஸ்காரர்கள்.

அந்தத் தெருவுக்கே கணக்குச் சொன்னவள் கணக்காயி என்கிற கால்குலேட்டர். உடம்பெல்லாம் பொத்தான், நெற்றியில் திரை. கேட்ட மாத்திரத்தில் விடை சொல்வாள். "தெரியாது" என்ற வார்த்தை அவள் வாயில் வந்ததே இல்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

கிழக்கே ஒரு வழக்கம் இருந்தது. நிச்சயதார்த்தத்தன்று பெண்ணின் வர்க்கமூலம் வந்து, இரண்டு பேராகப் பிரிந்து, மணையில் ஜோடியாக நிற்க வேண்டும். எண்களுக்கு இதெல்லாம் பெரிய காரியமா என்ன! நின்றதும் ஒருவரை ஒருவர் பெருக்கிக்கொள்வார்கள். பெருக்கி வருவது பெண்ணின் முகமாக இருக்க வேண்டும். பதினாறுக்கு நிச்சயம் நடந்தபோது நான்கும் நான்கும் நின்றார்கள், பதினாறு வந்தது, மேளம் கொட்டியது. மேற்கே இருந்தவர்களுக்கு இந்த வம்பெல்லாம் கிடையாது. தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்து நிம்மதியாக இருந்தார்கள்.

அப்படியிருக்க, கிழக்கே இருந்த ஐந்துக்கும் மேற்கே இருந்த மைனஸ் ஒன்பதுக்கும் மனசு ஒத்துப்போய்விட்டது. ஐந்தின் அத்தை முப்பத்தாறு மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"மூலம் வந்து நிக்கட்டும், பார்ப்போம். நிக்கலைன்னா இந்தச் சம்பந்தமே வேண்டாம்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

மைனஸ் ஒன்பது கணக்காயியிடம் ஓடி வந்தாள். "அக்கா, என் மூலம் யாருன்னு சொல்லுங்கக்கா. நாளைக்கு நிச்சயதார்த்தம்."

"இதென்ன பிரமாதம், உட்காரு" என்றாள் கணக்காயி.

மூன்றைப் பெருக்கிப் பார்த்தாள். ஒன்பது வந்தது, கோடு வரவில்லை. மைனஸ் மூன்றைப் பெருக்கினாள். இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று விழுங்கிவிட, மறுபடியும் வெறும் ஒன்பது. பின்னங்களில் தேடினாள், தசமங்களைக் கிளறினாள், தெருவையே சல்லடை போட்டாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. எதிரே அந்தப் பெண் இவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தெரியாது என்று சொல்ல கணக்காயிக்கு நாக்கு எழவில்லை.

அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தாள். திரையில் ஒன்பதுக்கு முன்னால் இருந்த கோட்டைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டாள். சின்னக் கோடுதானே, யார் கவனிக்கப்போகிறார்கள்?

"மூணுதாம்மா உன் மூலம். கூட்டிட்டுப் போ."

மறுநாள் பந்தலில் மூன்று வந்து, இரண்டு பேராகப் பிரிந்து மணையில் நின்றார். பெருக்கி வந்தது கோடில்லாத ஒன்பது.

"இது வேற யாரோ பொண்ணு!" என்று கத்தினாள் அத்தை. அவசர அவசரமாக மைனஸ் மூன்றை நிற்கவைத்தார்கள். அதுவும் அதே முகம்தான். அத்தை தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். ஐந்து ஓடிப்போய் அவளை மறித்தான்.

மைனஸ் ஒன்பது கணக்காயியைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நம்பிட்டேன் அக்கா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடக் கணக்காயி தாங்கியிருப்பாள். எழுந்து பந்தலின் நடுவே போய் நின்றாள்.

"தப்பு என்னோடது. பொண்ணு மேல ஒரு குறையும் இல்ல. அவளோட மூலம் இந்தத் தெருவுல யாருமே இல்ல. எனக்குத் தெரியல. தெரியலைன்னு சொல்ல வெட்கப்பட்டு, கோட்டை மறைச்சுப் பொய் சொல்லிட்டேன்."

அப்போது வாசல் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "இந்தத் தெருவுலதானே இல்ல?"

ஆங்கில எழுத்தைப் பேராக வைத்துக்கொண்ட ஐ என்பவன் அங்கே நின்றுகொண்டிருந்தான். சுழியத்தின் வீட்டிலிருந்து வடக்கே மேடேறிப் போகும் ஒற்றையடிப் பாதையில் குடியிருப்பவன். தெருவில் வீடில்லாததால் அவனுக்குக் கற்பனை எண் என்று பேர் வைத்து, நல்லது கெட்டதுக்கு அழைக்காமலே விட்டிருந்தார்கள்.

"ஏம்ப்பா, முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள் கணக்காயி.

"மூலம் கிடைச்சிடுச்சுன்னு நீங்களே சொன்னப்புறம் நான் எதுக்கு வாயைத் திறக்கணும்? என்னை நானே பெருக்கிக்கிட்டா மைனஸ் ஒண்ணு வரும். மூணண்ணன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கட்டும், போதும்."

மூன்றும் ஐயும் கைகோத்து, இரண்டு ஜோடியாகப் பிரிந்து மணையேறினார்கள். மூன்றும் மூன்றும் ஒன்பது. ஐயும் ஐயும் மைனஸ் ஒன்று. இரண்டையும் பெருக்கியதும் மைனஸ் ஒன்பது வந்தாள், கோடும் தானுமாக, அச்சு அசல் அவளேதான்!

"அடி ஆத்தி, அப்படியே உரிச்சு வச்சிருக்கே!" என்று சிரித்துவிட்டாள் அத்தை. தாம்பாளத்தை அவளே மணையில் வைத்தாள். மைனஸ் ஒன்பது அழுதுகொண்டே சிரித்தாள். கணக்காயிக்கு உடம்புச் சூடெல்லாம் இறங்கி அப்பாடா என்றிருந்தது. தெரியாது என்று சொல்லியாயிற்று, வானம் ஒன்றும் இடிந்து விழுந்துவிடவில்லை.

கணக்காயியின் பிள்ளைகளில் சிலர் ஐயோடு மேடேறிப் போய் அந்தப் பாதையைக் கற்றுக்கொண்டார்கள். மைனஸ் ஒன்பதின் மூலம் என்ன என்று கேட்டால் இன்றைக்கும் 'மூன்று ஐ' என்று சொல்வது அவர்கள் வம்சம்தான். மற்றவர்கள் தெருவிலேயே தங்கிவிட்டார்கள். அன்று முதல்தான், அந்தப் பாதை தெரியாத சாதாரணக் கால்குலேட்டர்கள் மைனஸ் எண்ணுக்கு மூலம் கேட்டால் எதையும் மறைக்காமல் 'எரர்' என்று சட்டென்று சொல்லிவிடுகின்றன, கேட்டவர் வேறு இடத்தில் போய்த் தேடிக்கொள்ளட்டும் என்று.