குட்டான் பேசி முடிக்கும்வரை

குளக்கரை மருதமரத்தில் ஒரு மைனாக் கூட்டம் இருந்தது. பொழுது சாய்ந்தால் போதும், மரமே இரைச்சலாகிவிடும். ஒவ்வொரு மைனாவும் அன்று பார்த்ததைச் சொல்லிவிட்டுத்தான் தூங்கும். அது அவர்கள் வழக்கம். அந்தக் கூட்டத்தில் மஞ்சமூக்கன்தான் பெரிய வாயாடி. "எங்க வம்சத்துக்கே வாய்தான் சொத்து!" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்வான்.

அவன் மகன் குட்டான், அப்போதுதான் சொல் கோத்துப் பேசத் தொடங்கிய குஞ்சு. ஒருநாள், "பு-பு-புழு பாத்தேன்!" என்றான். எல்லாரும் ரசித்துச் சிரித்தார்கள். ஆனால் மழைக்காலம் போய் வெயில் காலம் வந்தும் அந்தத் திக்கல் போகவில்லை.

"வேகமாச் சொல்லுடா! புழுதானே? இதோ, நானே சொல்லிட்டேன்!" என்று மஞ்சமூக்கன் மகனின் ஒவ்வொரு சொல்லையும் தானே முடித்துவைத்தான். அணில் அத்தை வசம்பு உரசிக்கொண்டு வந்தாள்.

"நாக்குல தடவினா பேச்சு கடகடன்னு வரும்!"

கண்ணீர்தான் கடகடவென்று வந்தது. அதன்பிறகு குட்டான் கண்ணை இறுக மூடி, தலையை உதறித்தான் ஒரு சொல்லை வெளியே தள்ளினான். பிறகு அதையும் விட்டுவிட்டான். பசித்தால்கூட அலகால் காட்டுவதோடு சரி. அம்மா பூவரசி மஞ்சமூக்கன் முன்னால் வந்து நின்றாள்.

"வாங்க, நாரை வைத்தியர்கிட்ட போவோம்!"

"ஐயோ! மைனா வீட்டுப் பிள்ளைக்குப் பேச்சு வரலைன்னு ஊரே சிரிக்கும்! என் மானம் என்னாகிறது?"

"உங்க மானத்தை அப்புறம் பாத்துக்கலாம். என் பிள்ளை பேச்சையே விட்டுட்டான்!" என்று பூவரசி குஞ்சோடு கிளம்பிவிட்டாள். வேறு வழியில்லாமல் மஞ்சமூக்கனும் பின்னால் பறந்தான்.

நாரை வைத்தியர் குளத்தோரம் ஒற்றைக்காலில் நின்றிருந்தார். மீனுக்காகக் காத்து நின்றே பழகியவர். அவசரம் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது.

"வர்ற வழியில என்ன பாத்தே, கண்ணு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா நின்றார்.

"ஆ-ஆ-ஆ..."

மஞ்சமூக்கன் வாயைத் திறந்தான். வைத்தியரின் நீண்ட சிறகு அவன் அலகைப் பொத்தியது.

"ஆ-ஆட்டு முதுகுல ஒரு கா-காக்கா சவாரி போச்சு!" என்று முடித்தான் குட்டான்.

"நான் ஆமைன்னுல்ல நினைச்சேன்!" என்று அசடு வழிந்தான் மஞ்சமூக்கன்.

வைத்தியர் சிரித்தார். "பேசப் பழகுற வயசுல பல குஞ்சுகளுக்கு இப்படித் திக்கும். தானாவே போயிடும். யார் குத்தமும் இல்லை. ஆனா மாசக்கணக்கா நீடிச்சாலோ, முகத்தை இறுக்கித் திணறினாலோ, பேசவே பயந்தாலோ என்கிட்ட சொல்லிடணும். நல்லவேளை, வந்தீங்க! அந்த வசம்பைத் தூக்கிப் போடுங்க. பிள்ளை அடிக்கடி இங்க வரட்டும், நான் பழக்கித் தர்றேன். வீட்டுல நீங்க நிதானமாப் பேசுங்க. அவன் முடிக்கிறவரைக்கும் காத்திருங்க."

"நானா? பேசாம இருக்கணுமா?" மஞ்சமூக்கனுக்கு அது வசம்பைவிடக் கசந்தது.

மகன் வைத்தியரிடம் பழகினான். அப்பன் வீட்டில் வாயை மூடிக் காத்திருக்கப் பழகினான். யாருக்குச் சிரமம் அதிகம் என்று கேட்டால், சந்தேகமே இல்லை, அப்பனுக்குத்தான்!

ஒரு மாலை, எல்லாரும் கதை சொல்லும் நேரம். குட்டான் தானாகவே கிளை நுனிக்கு வந்து நின்றான்.

"இ-இ-இன்னைக்கு..."

எதிர்க்கிளையில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். மஞ்சமூக்கனுக்குத் தொண்டைவரை சொல் வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு மகனையே பார்த்தான்.

"இன்னைக்கு எ-எங்கப்பா... வாயே தி-திறக்கல!"

மரமே குலுங்கிச் சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் குட்டான். திக்கல் முழுதாகப் போகவில்லைதான். ஆனால் பயம் போய்விட்டது. பூவரசிக்குப் பெருமை தாங்கவில்லை.

மஞ்சமூக்கன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூவினான்: "இப்பப் பேசினது யாரு தெரியுமா? என் மகன்!"

திக்கிப் பேசும் குழந்தையை ஒளித்து வைப்பதில் மானம் இல்லை. அது பேசி முடிக்கும்வரை காத்திருப்பதும், திணறினால் தயங்காமல் வைத்தியரிடம் சொல்வதும்தான் பெற்றவர்களுக்குப் பெருமை.