வால் எலும்பு

பெரிய கட்டியைப் பார்த்தால் அறுவை மருத்துவர்களுக்குக் கை பரபரக்கும். டாக்டர் ஜெபசிங்குக்கும் பரபரத்தது. எட்டு வருடம் பெரியவர்களுக்கு அறுவை செய்துவிட்டு, குழந்தைகளுக்குச் செய்யக் கற்றுக்கொள்ள டாக்டர் சௌந்தரவல்லியிடம் வந்து சேர்ந்தவர் அவர்.

பெண் குழந்தை. பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் அவள் தலையளவுக்கு ஒரு கட்டி தொங்கியது. பாம்பு தோஷம் என்று ஊரில் ஒருத்தர் சொன்னாராம். கூடப் பிறக்க வேண்டிய இன்னொரு பிள்ளை என்று இன்னொருத்தர். அப்பா வேல்ச்சாமி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். அந்த மட்டில் புத்திசாலி.

“தண்டுவடம் பிதுங்குன பை இல்ல மேடம். பிறவியிலேயே வர்ற டெரட்டோமா கட்டிதான். வால் எலும்புல முளைச்சிருக்கு. ஸ்கேன் பார்த்துட்டேன், முழுக்க வெளியிலதான் இருக்கு” என்றார் ஜெபசிங்.

“விரல் வச்சுப் பார்த்தியா?”

“ஸ்கேன்லயே தெளிவா...”

“விரல் வச்சுப் பார்த்தியான்னு கேட்டேன்.”

ஜெபசிங் கையுறை மாட்டிக்கொண்டு, சுண்டு விரலைக் குழந்தையின் ஆசனவாய்க்குள் மெதுவாக நுழைத்தார். எலும்புக்கு முன்னால், உள்ளேயும் கட்டி கொஞ்சம் ஏறியிருந்தது. அவருக்கு முகம் சுண்டிப்போனது.

சௌந்தரவல்லி அதைக் கவனிக்காதவர் போல, “கட்டியோட வால் எலும்பையும் சேர்த்து எடுத்துரணும்” என்றார்.

“எலும்பு நல்லாத்தானே மேடம் இருக்கு?”

“அங்கேயிருந்துதான் கட்டி முளைக்குது. எலும்பை விட்டா அது திரும்ப வரும். சில பிள்ளைங்களுக்குப் புற்றாவே வரும்.”

மறுநாள் காலை குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். கத்தி ஜெபசிங் கையில். எதிரே சௌந்தரவல்லி. தலைமாட்டில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் ஹபீப்.

கட்டி அழகாகப் பிரிந்து வந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. எலும்போடு சேர்ந்து வர வேண்டியது, எலும்பை விட்டுவிட்டுத் தனியாகக் கழன்று வந்தது. பெரியவர்களின் கட்டிகளை வழித்தெடுத்துப் பழகிய கை, தன் பழக்கத்தைக் காட்டிவிட்டது. ஜெபசிங் கட்டியைத் தட்டில் வைத்துவிட்டு நிமிர்வதற்குள், எலும்புக்கு முன்புறம் ரத்தக்குழாய் ஒன்று பீறிட்டது.

அவ்வளவு சின்னக் குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே ஒரு டம்ளர்தான் இருக்கும்.

“பிரஷர் இறங்குது” என்றார் ஹபீப்.

“துணியை வச்சு அமுக்கு” என்றார் சௌந்தரவல்லி.

ஜெபசிங் அமுக்கினார். “மேடம், இப்படியே தைச்சு மூடிரலாம். பிள்ளை பிழைச்சா போதும்.”

“பேசாம அமுக்கு.”

“எவ்வளவு நேரம்?”

“நான் சொல்ற வரைக்கும்.”

ஹபீப் ரத்தம் ஏற்றினார். மானிட்டரின் சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் இழுத்து இழுத்துக் கேட்டது. கத்தி பக்கத்தில் இருந்தும் எதுவும் செய்யாமல் நிற்பதைப் போல ஒரு தண்டனை அறுவை மருத்துவருக்குக் கிடையாது. ஜெபசிங்கின் விரல்கள் மரத்துப்போயின.

சத்தம் மெல்ல வேகம் பிடித்தது.

“ஹபீப், எப்படி?”

“ஏறியிருக்கு மேடம். தாங்குவா.”

“மறுபடி கொட்டுச்சுன்னா?”

“ஏத்துறதுக்கு ரத்தம் இருக்கு. ஆனா நிச்சயம்னு சொல்ல மாட்டேன்.”

சௌந்தரவல்லி ஜெபசிங்கைப் பார்த்தார். “இப்ப சொல்லு. எலும்பை எடுக்கிறியா, மூடுறியா?”

“மூடிரலாம் மேடம். எலும்பை அப்புறம் பார்த்துக்கலாம்.”

“தாங்க மாட்டாள்னு ஹபீப் சொல்லியிருந்தா நானே மூடச் சொல்லியிருப்பேன். தாங்குவாங்கிறார். அப்ப யாருக்காக மூடுற?”

ஜெபசிங் துணியை இன்னும் இறுக்கி அமுக்கினார்.

“சரி, மூடு. நான் தடுக்கல. ஆனா வெளியே அவ அப்பா நிக்கிறார். எல்லாத்தையும் எடுத்தாச்சான்னுதான் முதல்ல கேட்பார். எதை விட்டுட்டு வந்த, ஏன் விட்டுட்டு வந்தன்னு நீயே போய்ச் சொல்லணும். நான் கூட வர மாட்டேன்.”

ஜெபசிங் துணியை அமுக்கியிருந்த தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நர்ஸ் பக்கம் கையை நீட்டினார். “கத்தி கொடுங்க சிஸ்டர்.”

எலும்பை அசைத்ததுமே ரத்தம் மறுபடி வந்தது. ஹபீப் ஏதோ சொன்னார். அது ஜெபசிங் காதில் ஏறவில்லை. இந்தத் தடவை குழாயின் முனை கண்ணுக்குத் தெரிந்தது. சௌந்தரவல்லி அதை இடுக்கியால் பிடித்துக் கொடுக்க, ஜெபசிங் இறுக்கிக் கட்டினார். வால் எலும்பு, இன்னும் குருத்தாக இருந்த அந்தத் துண்டு, அவர் விரல்களுக்கு இடையே வந்து சேர்ந்தது. ஒரு பட்டாணி அளவுகூட இல்லை.

உள்ளே ஏறியிருந்த கட்டியின் மிச்சத்தையும் எடுத்துவிட்டு மூடினார்கள். குழந்தை சொந்தமாக மூச்சுவிட்டது.

ஜெபசிங் வெளியே வந்தபோது, வேல்ச்சாமி சுவரோரம் நின்றிருந்தார்.

“எல்லாத்தையும் எடுத்தாச்சா சார்?”

“எடுத்தாச்சு. ஆனா திரும்ப முளைக்குதான்னு பார்க்க மூணு வருசத்துக்கு நான் சொல்றப்பல்லாம் கூட்டிட்டு வரணும். நல்லாத்தானே இருக்காள்னு நிறுத்திரக் கூடாது.”

“தூக்கிட்டு நடந்தாவது வந்துருவேன் சார்” என்று சொல்லிவிட்டு, வேல்ச்சாமி வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார்.

ஜெபசிங் திரும்பி வந்தபோது, சௌந்தரவல்லி அறையில் தனியாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“மேடம், எலும்பை வெட்டும்போது பிள்ளை போயிருந்தா?”

“போயிருக்கலாம்.”

“அப்ப அவ அப்பாகிட்ட நான் போய் என்ன சொல்லியிருப்பேன்?”

“நீ போயிருக்க வேண்டாம்” என்றார் சௌந்தரவல்லி. “அதைச் சொல்ல நான் போயிருப்பேன்.”