வைத்தியரின் வார ஓலை

கொன்றைமங்கலத்தை ஆண்ட வெண்கோட மன்னருக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. அதுதான் அரண்மனை வைத்தியர் மருதவாணருக்குப் பெரிய தலைவலி. நோய் இருந்தால் குணப்படுத்தி விடலாம். இல்லாத நோயை என்ன செய்வது?

மன்னர் தும்மினால் ஆள் வரும். ராணிக்குக் கொட்டாவி வந்தால் ஆள் வரும். ராணியின் கிளி பேசாமல் உட்கார்ந்திருந்தால் பல்லக்கே வரும். நடுவில், வாசலில் காத்திருக்கும் ஊர் நோயாளிகளை வேறு பார்க்க வேண்டும். ஒருநாள் ஓடிய ஓட்டத்தில், குதிரைக்குக் காய்ச்சிய தைலத்தைத் தளபதியின் முழங்காலில் தேய்த்துவிட்டார். தளபதி நன்றாகத்தான் நடந்தார். ஆனால் விஷயம் தெரிந்தபின் லாயத்துப் பக்கமே போவதில்லை.

இதெல்லாம்கூடப் போகட்டும். ஒரு புதன்கிழமை, நிறைந்த சபையில், மன்னரின் நாடியைப் பிடித்தபடியே மருதவாணர் தூங்கிப் போனார். குறட்டையும் விட்டார். மன்னர் கையை நீட்டியபடி மூச்சுக்கூட விடாமல் காத்திருந்தார். வைத்தியர் ஆழ்ந்து யோசிக்கிறார் என்று நினைத்தாராம்!

சபையில் ஒரே ஒருவன் சிரித்துவிட்டான். தினமும் காலையில் சபையில் பஞ்சாங்கம் வாசிக்கும் கூத்தப்பன்.

மன்னருக்குக் கோபம் வந்தது. "சிரிக்கிறாயா? வைத்தியர் இனி ஒருமுறை வேலையில் தூங்கினால் நாட்டை விட்டே போக வேண்டும். அவர் தூங்காமல் இருக்க நீ வழி சொல்."

"அவருக்கு வேலையைக் கொஞ்சம் குறைத்தால் போதும், மகாராஜா."

"குறைக்கக் கூடாது! வாரத்தில் ஏழு நாளும் அவர் அரண்மனைக்காரர்களைப் பார்க்க வேண்டும். யார் போனாலும் முடியாது என்று சொல்லக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் வழி சொல்லாவிட்டால் அவரோடு நீயும் மூட்டை கட்டு."

மருதவாணர் வீட்டுக்கு வந்து உண்மையாகவே மூட்டை கட்டத் தொடங்கினார். பாதி கட்டும்போதே அதன்மேல் சாய்ந்து தூங்கிவிட்டார். கூத்தப்பன் அவரைத் தட்டி எழுப்பி ஓர் ஓலையை நீட்டினான்.

"ஐயா, இது உங்கள் வாரம். எந்த நாளில் எந்த நேரம் யாருக்கு என்று எழுதியிருக்கிறேன். காலையிலும் மாலையிலும் மிச்ச நேரம் ஊராருக்கு. வியாழன் மாலை முழுவதும் தூக்கம். அரண்மனைக்குத் தினமும் மூன்றே முக்கால் நாழிகை."

வைத்தியர் ஓலையைக் கண்ணருகே வைத்துப் படித்தார். "திங்கள் காலை, வெள்ளி உச்சிவேளைக்கு முன்னால், ஞாயிறு சூரியன் மறையும் முன்..." அவர் முகம் வெளிறியது. "அட பாவி! அரண்மனைக்குக் கொடுத்திருப்பது எல்லாம் ராகுகாலமாக அல்லவா இருக்கிறது?"

"மெதுவாகப் பேசுங்கள், ஐயா."

"ராகுகாலத்தில் இந்த அரண்மனையில் ஒருவரும் வாசற்படி தாண்டமாட்டார்களே!"

"அப்படியா?" என்றான் கூத்தப்பன், அது இப்போதுதான் தெரிந்ததுபோல.

மன்னருக்கு நாழிகைக் கணக்கு வராது. தினமும் கூத்தப்பன் சொல்லித்தான் ராகுகாலம் எப்போது என்று அவருக்குத் தெரியும். மறுநாள் சபையில் கூத்தப்பன் நீட்டிய ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏழு நாளும் இருக்கிறதா?"

"இருக்கிறது, மகாராஜா. அந்த நேரத்தில் தன் வீட்டுக் கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருப்பார். வருகிறவரை வேண்டாம் என்று சொல்லவே மாட்டார்."

"வியாழன் மாலை தூக்கம் என்று போட்டிருக்கிறதே?"

"அதுவும் தங்களுக்கான வேலைதான். தங்கள் கையைப் பிடித்துக்கொண்டு தூங்காமல் இருப்பதற்கு வீட்டிலேயே முன்கூட்டித் தூங்கி வைத்துக்கொள்வார்."

மன்னர் முத்திரையை வைத்தார்.

திங்கட்கிழமை சபையில் கூத்தப்பன் வழக்கம்போல ராகுகாலத்தைச் சொன்னான். ராணி ஓலையைப் பார்த்தாள். கொட்டாவியை அப்படியே விழுங்கினாள். செவ்வாய்க்கிழமை கிளி தானாகவே பேசியது. நான்கு நாட்களில் அரண்மனையிலிருந்து இரண்டே பேர் வந்தார்கள். கையில் கொதிநீர் கொட்டிக்கொண்ட சமையல்காரர் ஒருவர். ஏணியிலிருந்து விழுந்த தோட்டக்காரர் ஒருவர். இருவருக்கும் ராகுவின் ஞாபகமே வரவில்லை. மருதவாணர் இருவரையும் நிதானமாகப் பார்த்தார். வியாழன் மாலை குறட்டை மூன்று தெருவுக்குக் கேட்டது.

மன்னருக்கு அப்போதுதான் பொறி தட்டியது. "கூத்தப்பன் என்னை ஏமாற்றிவிட்டான்! நாளைக்குச் சபையில் வைத்து அவன் மூட்டையை நானே கட்டுகிறேன்!" என்று கத்தினார். அந்த ஆத்திரத்தில் ஒரு முறுக்கை நறுக்கென்று கடித்தார். கடைவாய்ப் பல்லில் பாதி முறுக்கோடு வந்துவிட்டது. அந்த வலியில் மறுநாள் காலை சபையே கூடவில்லை.

வெள்ளிக்கிழமை உச்சிவேளைக்குச் சற்று முன்னால், வைத்தியர் வீட்டு வாசலுக்கு ஒருவர் ஓடி வந்தார். காலில் செருப்பு இல்லை. தலையில் கிரீடம் கோணியிருந்தது. கன்னம் பலாச்சுளைபோல வீங்கியிருந்தது. அங்கே வைத்தியரோடு பேசிக்கொண்டிருந்த கூத்தப்பன் பதறி எழுந்தான்.

"மகாராஜா! இது ராகுகாலம்!"

"ராகுவும் வேண்டாம், கேதுவும் வேண்டாம்! பல்லைப் பிடுங்குமய்யா!" என்று மன்னர் அலறினார்.

நன்றாகத் தூங்கி எழுந்திருந்த வைத்தியர் குறடை எடுத்தார். ஒரே இழுப்பு. பல் வெளியே வந்தது. மன்னருக்கு உயிர் திரும்பி வந்தது.

கூத்தப்பன் கைகட்டிச் சொன்னான்: "மகாராஜா, வைத்தியர் பணிக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. தங்களுக்கு நோய் வந்திருப்பது இன்றைக்குத்தான்."

மன்னர் முறைத்தார். முறைக்கவும் வலித்தது. பிறகு வாயில் பஞ்சோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "இந்த ஓலை என் காலம் முழுவதும் இப்படியே இருக்கட்டும்! யாரும் மூட்டை கட்ட வேண்டாம்" என்று சொல்லி, கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் கூத்தப்பனிடம் நீட்டினார்.

கூத்தப்பன் இரண்டு அடி பின்னால் போனான்.

"கொஞ்சம் பொறுங்கள், மகாராஜா. உச்சி சாயட்டும். நல்ல பொருளை யாராவது ராகுகாலத்தில் வாங்குவார்களா?"